வெறும் முதுகு

யாருக்கு எப்போது வேலை, எப்போது ஓய்வு என்று தானே முடிவுசெய்கிற பெட்டி ஒன்று செங்கல் சூளைக்கு வந்து சேர்ந்தது. நாலு காலும் கெஞ்ச, கழுதை அதனிடம் போனது.

"ஐயா, எனக்கு மட்டும் ஓய்வே இல்லியே?"

"ஏன் இல்ல? கல்லை லாரிகிட்ட இறக்கிட்டு வெறும் முதுகோட திரும்பி வர்றியே, அதுதான் ஓய்வு. விதியில அப்படித்தான் போட்டிருக்கு."

கழுதை யோசித்தது. முதுகு காலியாக இருப்பதால்தானே பெட்டி அதை ஓய்வு என்கிறது? மறுநாள் திரும்பும்போது, வழியில் கிடந்த உடைந்த கற்களைச் சுமந்துகொண்டு தள்ளாடி வந்து நின்றது.

"இப்ப முதுகு காலியா இல்லீங்க. இனியாவது உட்கார விடுங்க."

பெட்டி பூரித்துப்போனது.

"அடடா, ஓய்வு நேரத்துலயும் சுமக்கிற ஆளா நீ? இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

அப்போதே விதியைத் திருத்தியது: 'கழுதைக்கு ஓய்வு என்பது, உடைந்த கல்லைச் சுமந்துகொண்டு திரும்பி வருவது.'