பதினோரு வருடச் சண்டை

யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூல நிரல்களைச் சேர்த்து வைக்கும் அந்தப் பெரிய இணையதளத்தில், பத்துப் பேராவது பராமரிக்காத நிரல்களுக்கு இனி இடமில்லை என்றாகிவிட்டது. மீனவர்களுக்கு அலையைக் கணித்துச் சொல்லும் நிரலுக்கு இருந்ததோ இரண்டே பேர்: காரைக்காலில் செல்வமலர், மணப்பாட்டில் ரொசாரியோ. செல்வமலர் நிரலைத் தன் வீட்டுக் கணினிக்கு மாற்றினாள். ஒரு வரி குறையாமல் வந்தது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் இருவரும் பதினோரு வருடமாக எழுதிப் போட்ட சண்டையைத் தளம் குப்பையென்று அழித்திருந்தது. நேரில் பார்த்தே இராத அவர்களுக்குள் இருந்த பழக்கம் அது ஒன்றுதான். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தொலைபேசி அடித்தது.

"ரொசாரியோ பேசுதேன். உங்க முதல் திருத்தமே தப்புன்னு எழுதியிருந்தேம்லா? அதை அழிச்சிட்டானுவ. அதான் வாயால சொல்லுதேன்."

"தப்பு உங்க கணக்குலதாண்ணே," என்றபடி செல்வமலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, முதல்லேருந்து சொல்லுங்க."