ஏழாம் நம்பர் படுக்கை

“வலிக்குதாக்கா?” என்று கேட்டாள் நர்ஸ்.

“இன்னும் நீங்க தொடவே இல்லையே சிஸ்டர்” என்றாள் ஏழாம் நம்பர் படுக்கையில் கிடந்தவள்.

கால்மாட்டில் தொங்கிய அட்டையில், மூன்று நாளாகக் காய்ச்சல், நூற்றிரண்டு டிகிரி என்று எழுதியிருந்தது. உள்ளபடி அவளுக்கு இருந்தது பசி ஒன்றுதான். காலையில் சாப்பிடாமல் ஓடி வந்திருந்தாள். வைத்தியத்துக்கு அல்ல, வேலைக்கு.

நர்ஸிங் முடித்து எட்டு மாதம். ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகள் பதினாறு. எல்லா இடத்திலும் ஒரே பல்லவி: “ரெண்டு வருஷ அனுபவம் இருக்கா?” வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

“பட்டத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியாச்சு. பக்கத்துலயே உனக்கும் ஒரு ஆணி அடிச்சிடவா?” என்று அண்ணன் கிண்டல் செய்வான். அப்பா கிண்டல்கூடச் செய்வதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இது பதினேழாவது. இன்னும் திறக்காத புது ஆஸ்பத்திரி, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ‘உடனடியாக ஆட்கள் தேவை’ என்று வாசலில் ஒட்டியிருந்தது. வரிசையில் நின்றவர்களை மானேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எத்தனை வருஷ அனுபவம்?”

“இப்பத்தான் படிச்சு முடிச்சேன் சார். காலேஜ்லயே முதல்...”

“அனுபவம் இல்ல. அப்ப ஏழாம் நம்பர் படுக்கை. போய்ப் படு.”

“சார்?”

“பதினொரு மணிக்கு அனுமதி குடுக்கிற மேடம் பார்வையிட வராங்க. காலிப் படுக்கையைக் காட்டினா அனுமதி குடுப்பாங்களா? படுக்கிறதுக்கு அனுபவம் தேவையில்ல. நல்லா முனகு. அனுமதி கிடைச்சா நர்ஸ் வேலை ஒண்ணு இருக்கு, பார்க்கலாம்.”

அவளுக்குப் பின்னால் நின்றவளிடமும் அதே கேள்வி.

“ரெண்டு வருஷம் சார்.”

“அப்பாடா!” என்று மானேஜர் ஒரு வெள்ளை யூனிஃபார்மை எடுத்து நீட்டினார். கொடுத்து வைத்தவள் என்று இவள் பெருமூச்சு விட்டாள்.

அந்தக் கொடுத்து வைத்தவள்தான் இப்போது ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“முழங்கைக்கு மேல சிஸ்டர்” என்று இவள் கிசுகிசுத்தாள்.

“பயத்துல கையும் ஓடல காலும் ஓடலக்கா.”

ஆனால் காலையில் படுக்கை விரித்தபோது அந்தக் கை நன்றாகவே ஓடியது. ஒரே உதறு, ஓரத்தில் ஒரு நீவல். இருபது படுக்கையும் பத்து நிமிஷத்தில் முடிந்திருந்தன.

வாசலில் செருப்புச் சத்தம். மூக்குக்கண்ணாடி போட்ட மேடம் உள்ளே நுழைய, பின்னால் மானேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எல்லாப் படுக்கையையும் தாண்டி மேடம் நேராக ஏழாம் நம்பரிடம் வந்து நின்றார்.

“பி.பி. எவ்வளவு சிஸ்டர்?”

நர்ஸ், மீட்டரில் ஆடிய முள்ளையே வெறித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மானேஜர் முகம் வெளிறியது.

இந்த அனுமதி போனால் தன் வேலையும் போச்சு என்று இவளுக்குத் தோன்றியது. ஓரக்கண்ணால் முள்ளைப் பார்த்து, கண்ணை மூடி, காய்ச்சல் வேகத்தில் பினாத்துவது போல முனகினாள். “நூத்திப்பத்து... அய்யோ... எழுபது...”

“நூத்திப்பத்துக்கு எழுபது மேடம்!”

“பேஷன்ட் என்ன சொல்றாங்க?”

“பினாத்துறாங்க மேடம். பாவம், மூணு நாளாச்சு.”

மேடம் குனிந்து இவள் நெற்றியில் கை வைத்தார். “நூத்திரண்டுன்னு எழுதியிருக்கு. உடம்பு ஜில்லுன்னு இருக்கே?”

நர்ஸ் அவசரமாக விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“சிஸ்டர் கைராசி மேடம்” என்றாள் இவள், குரலைத் தேய்த்துக்கொண்டு. “இப்பத்தான் ஈரத்துணி போட்டு இறக்கினாங்க. பெத்த அம்மாகூட இப்படிப் பாத்துக்க மாட்டாங்க.”

மேடம் முகம் கனிந்தது. படுக்கை விரிப்பைத் தடவிப் பார்த்தார். “ஒரு சுருக்கம் இல்ல. இவ்வளவு நேர்த்தியா விரிக்கிற நர்ஸை நான் பார்த்ததே இல்லப்பா. அனுபவம்னா அனுபவம்தான்” என்று சொல்லிக்கொண்டே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மேடத்தின் கார் தெருமுனை தாண்டியதும் மானேஜர் துள்ளிக் குதிக்காத குறையாக வார்டுக்குள் ஓடி வந்தார். இவள் படுக்கையை விட்டு எழுந்து, முந்திக்கொண்டு கேட்டாள். “சார், அந்த நர்ஸ் வேலை?”

“அதுதாம்மா முடிஞ்சு போச்சே! மேடமே வாயாரப் பாராட்டிட்டாங்க” என்று அவர் யூனிஃபார்ம்காரி பக்கம் திரும்பினார். “சிஸ்டர், நாளையிலேர்ந்து நீங்கதான் இந்த வார்டுக்கு. ஏழாம் நம்பர், நீ அனுபவத்தோட வாம்மா.”

அவர் போய்விட்டார். இவள் படுக்கைக்கு அடியிலிருந்து செருப்பை இழுத்து மாட்டிக்கொண்டாள். தன் வேலையைத் தானே பினாத்திப் பினாத்தி அடுத்தவளுக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஏழாம் நம்பர் விரிப்பை உருவி, உதறி, நான்கே மடிப்பில் மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றாள்.

“சிஸ்டர், நீங்க ரெண்டு வருஷம் இருந்த ஆஸ்பத்திரியில உங்க இடம் காலியாத்தானே இருக்கும்? என்னை அங்கயாவது சேர்த்துவிடுங்களேன்.”

மடிப்பை நீவிக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியா? துணிக்கடை, அக்கா. பெட்ஷீட் செக்‌ஷன்!”