குழிக்குள் வைத்த அட்டை

பாலைவனத்தில் தோண்டிய அந்தக் கல்லறையை மூடும் நாள். நாலாயிரம் வருஷத்து எலும்புக்கூடும் அதன் தலைமாட்டில் இருந்த ஜாடியும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. மூன்று மாதம் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் குடை பிடித்து நின்றவன் இருளப்பன். குழிக்குள் கிடந்தவன் எந்த ஊர்க்காரன், என்ன சாப்பிட்டான், முழங்கால் வலித்திருக்குமா என்று அவர்கள் அந்த எலும்பைச் சுற்றி உட்கார்ந்து ஓயாமல் பேசுவதைச் சூப்பர்வைசர் ஜெபராஜ் அவனுக்குத் தமிழில் சொல்லுவார். செத்தவனுக்கு இத்தனை விசாரிப்பா என்று மலைப்பாக இருக்கும்.

மண் தள்ளுமுன் குழிக்குள் இந்த வருஷத்துப் பொருள் ஒன்றை வைக்க வேண்டும். பின்னால் தோண்டுகிறவர்களுக்கு, முன்பே ஆள் வந்து போனது தெரிய வேண்டுமாம். ஜெபராஜ் தேதி அச்சிட்ட காலித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இருளப்பன் வாங்கவில்லை. அன்றோடு காலாவதியாகும் தன் வேலை அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினான். படத்தில் படிந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்து, மண்டையோடு கிடந்த இடத்தில் முகம் மேலே பார்க்க வைத்தான்.

"யோவ், இன்னும் ஆயிரம் வருஷத்துக்கு இங்க ஒருத்தனும் வரமாட்டான்யா."

"மெதுவா வரட்டும் சார். வந்தா, நான் என்ன சாப்பிட்டேன்னு கேப்பாங்கல்ல?"