மைனஸ் மூன்று

கடலிலிருந்து தொலைவிலுள்ள கராஷோக்கில் குடியிருந்தபோது, கலைமான் மந்தைக்குப் போகும் மத்தே கம்பியில்லா வெப்பமானியின் சென்சாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அவன் வீட்டை நெருங்கினால்தான் அடுக்களையில் இருக்கும் திரையில் எண் தெரியும். உடனே மனைவி ரிஸ்டின் காபி வைப்பாள்.

போன குளிர்காலம் மந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ரிஸ்டின் கடற்கரையிலிருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள், அந்த வெற்றுத் திரையோடு.

இன்று காலை, அருகில் சென்சாரே இல்லாமல், அது மைனஸ் நாற்பது என்று காட்டியது. ஜன்னலுக்கு வெளியே மைனஸ் மூன்றுதான்.

"பேட்டரி போயிருக்கும்டி," என்றாள் அக்கா. "இங்க என்னிக்கு நாப்பது வந்திருக்கு? அந்தக் கொடுமையெல்லாம் உன் கராஷோக்குலதான்."

மதியத்துக்குள் மைனஸ் முப்பது ஆனது. பிறகு இருபது, பத்து. கராஷோக்கிலிருந்து கடலுக்கு வரும் சாலையில் குளிர் அப்படித்தான் ஊருக்கு ஊர் குறையும்.

மைனஸ் மூன்றில் எண் நின்றது. ரிஸ்டின் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.

"பட்டப்பகல்ல எதுக்குடி பூட்டற? யாரு வரப்போறா?"

அவள் திரும்பி வந்தபோது திரையில் பிளஸ் ஆறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்று. குளிரிலிருந்து வந்து அடுப்பருகே நிற்பவனின் சட்டைப்பை சூடேறுவதுபோல, மெல்ல.