பழைய டிஸ்க்

“மத்த எதை வேணும்னாலும் கழட்டுங்க. அந்த ஹார்டு டிஸ்க்ல மட்டும் கை வைக்காதீங்க,” என்றார் பல் டாக்டர்.

கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை நடத்தும் அந்தப் பெண், திருப்புளியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தாள். மேசை மேல் டாக்டரின் பழைய கேமிங் கம்ப்யூட்டர் மூடி திறந்து கிடந்தது. உள்ளே மெத்தை போல் தூசி. ஊரில் உள்ள வாயையெல்லாம் திறக்கச் சொல்லிச் சுத்தம் செய்கிற மனிதர், தன் வீட்டுப் பெட்டியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

“முதல்ல மாத்த வேண்டியதே அதைத்தான் சார். சரி, இப்ப என்ன திடீர்னு?”

“ரெண்டு பேர் சேர்ந்து ஆடுற கேம்மா. நானும் எங்க கேப்டனும். இன்னிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு. என் கிராஃபிக்ஸ் கார்டுல அது ஓடவே ஓடாதாம். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா வேற ஆளைச் சேர்த்துக்கப் போறதா கேப்டன் சொல்லியாச்சு.”

சொல்லும்போதே டாக்டரின் முகம் வாடிவிட்டது. வெறும் விளையாட்டுதானே என்று சிரிக்க வாயெடுத்த கடைக்காரப் பெண், அந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மனிதர் உண்மையிலேயே பயந்து போயிருந்தார்.

கிராஃபிக்ஸ் கார்டில் மூன்றை எடுத்து வைத்தாள். டாக்டர் ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நடுவில் இருந்ததன் விலையைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ஒரு பல்லு கட்டுறதுக்கு வாங்குறதைவிட இது கம்மிதான் சார்.”

“பல்லு ஆயுசுக்கும் நிக்கும்மா.”

“எங்க வீட்டுக்காரருக்கு நீங்க கட்டுன பல்லு ஆறு மாசம்கூட நிக்கல.”

டாக்டர் அதற்குமேல் அந்தக் கார்டுக்குப் பேரம் பேசவில்லை.

“இந்தக் கார்டு கரண்ட்டை நல்லா இழுக்கும். உங்க பழைய பவர் சப்ளை தாங்காது,” என்றாள்.

“மாத்துங்க.”

“ரேமும் பத்தாது.”

“போடுங்க. ஆனா அதுக்கு விலையைப் பார்த்துச் சொல்லுங்க,” என்று மறுபடி ஆரம்பித்து, அவள் தலை சுற்றும்வரை பேசி, கடைசியில் ஒரு மவுஸ் பேடையும் இலவசமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தார்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளங்கை அளவு இருந்த எஸ்.எஸ்.டி. என்கிற புது வகை டிஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இப்ப உங்களுக்கு கேம் திறக்க எவ்வளவு நேரம் ஆகுது?”

“அது ஆகும். அஞ்சு நிமிஷத்துக்கு மேலயே ஆகும்.”

“பழைய டிஸ்க்கை எடுத்துட்டு இதைப் போட்டா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்து நிக்கும்.”

“அவ்வளவு அவசரமா வந்து என்ன பண்ணப் போகுது?”

“உள்ள இருக்கிற ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் போயிடும்னு பயமா? ஒண்ணு விடாம காப்பி பண்ணித் தரேன்.”

“அதில்லம்மா.”

“விலைதானே? சரி, விடுங்க. பெருசா எடுத்திருக்கீங்க. இதைச் சும்மாவே வெச்சுக்கோங்க.”

மவுஸ் பேடுக்கு அத்தனை மல்லுக்கட்டிய மனிதர், இலவசம் என்றதும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“வேண்டவே வேண்டாம். நல்லா இருங்க.”

“சொத்தைப் பல்லை அப்படியே விட்டுட்டு, பக்கத்துல இருக்கிற பல்லுக்கெல்லாம் தங்கம் கட்டுற மாதிரி இருக்கு சார் நீங்க பண்றது.”

“வலிக்கலையேம்மா,” என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்து அவர் ஃபோன் அடித்தது. டாக்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“சொல்லுங்க கேப்டன். கார்டு போட்டாச்சு. ஓடுது, பார்த்துட்டேன். டிஸ்க்கா? அது நம்ம மதர்போர்டுல சேராதாம். கடையிலயே கையை விரிச்சுட்டாங்க.”

“அடப்பாவமே, நான் எப்ப சார் விரிச்சேன்?” என்று அவள் வாயைத் திறப்பதற்குள், டாக்டர் ஒரு கையால் ஃபோனைப் பொத்திக்கொண்டு கண்ணாலேயே கெஞ்சினார். பாவமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரின் மூடியையும் மூடினாள். வேகமாக ஓட வேண்டிய மெஷினை நொண்ட விட்டு அனுப்புகிறோமே என்று அவளுக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்த டாக்டர், வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து கேமைத் தட்டிவிட்டார். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஹெட்ஃபோனை மாட்டினார்.

“ஓபன் ஆச்சா?” என்று அதட்டியது கேப்டனின் குரல்.

“இன்னும் இல்ல கேப்டன். சுத்திக்கிட்டே இருக்கு.”

“எல்லாத்தையும் மாத்தி என்ன புண்ணியம், அந்த டப்பா டிஸ்க் அப்படியேதானே இருக்கு. சரி, அது வர்றப்ப வரட்டும்.” குரல் தணிந்தது. “சாப்பிட்டீங்களாப்பா?”

டாக்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வெளியூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து, ஃபோன் போட்டாலே ‘அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடும் மகளுக்கு, அந்தப் பழைய டிஸ்க் கேமைத் திறந்து முடிக்கும்வரை அப்பாவுடன் பேசிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.