அவிழ்ந்த முடிச்சு

பூங்காவில் நடந்த மூங்கில் கலை வகுப்பில், ஆறாவது வாரமும் அவனுடைய குடில் மட்டும் சரிந்து விழுந்தது. பூங்காவே கொல்லென்று சிரித்தது.

பயிற்சி தரும் சிற்பி ஓடி வந்தாள். "மறுபடியுமா? மத்தவங்க கிளம்பலாம். நீங்க இருந்து கட்டிட்டுப் போங்க."

மரத்தடியில் இருவருமாகக் கட்டினார்கள். வழக்கம்போலப் பேச்சு நீண்டது. ஆனாலும் அவனுக்கு மனம் ஆறவில்லை.

"பத்து மாடிக் கட்டடத்துக்கே சாரம் கட்டுறவன் நான். என் முடிச்சு அவிழ்ந்ததே இல்ல. இங்க மட்டும் ஏன் மானம் போகுதுன்னே புரியல. இன்னிக்குக் கடைசி வகுப்பு வேற!"

அவள் முகம் சிவந்தது.

"எல்லாரும் டீ குடிக்கப் போறப்ப நான்தான் அவிழ்த்து விடுவேன்."

"நீங்களா! ஏன்?"

"இல்லன்னா நீங்களும் அஞ்சு மணிக்கே கிளம்பிடுவீங்களே!"

அவன் அவளையே பார்த்தான். பிறகு, அப்போதுதான் போட்ட முடிச்சை மளமளவென்று அவிழ்த்தான்.

"முதல்லேருந்து கட்டலாமா?"