தெருமுனைக் கட்டில்

"அந்தக் கட்டிலையாவது உள்ளே இழுத்துப் போடுங்களேன் அண்ணே. பார்க்கச் சகிக்கலை."

பழைய இரும்புக் கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரில் தையல்காரம்மா. அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர்.

"போடறேன்மா" என்றார் வழக்கம்போல.

"கடை போட்ட நாள்லேர்ந்து இதையேதான் சொல்றீங்க."

பொய்யில்லை. தெருவுக்குள் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், துருப்பிடித்த இரும்புக் கட்டில் ஒன்று. அதன்மேல் மழையில் ஊறி நாறிப்போன மெத்தை, கதவில்லாத ஃப்ரிட்ஜ், விரிசல் விட்ட டாய்லெட் பேசின். விற்கவும் மாட்டார், நகர்த்தவும் மாட்டார். கடைக்குள்ளே எட்டிப் பார்த்தாலோ, எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும்; ஓர் ஆணிகூட இடம் மாறியிருக்காது. அதுதான் எல்லாருக்கும் இன்னும் எரிச்சல்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஏரியாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் கிடந்தது. இப்போது போய்ப் பாருங்கள். நடைபாதை என்ன, பூந்தொட்டி என்ன, கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை என்ன! இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

"அவங்களைவிட நாம எதுல குறைஞ்சு போயிட்டோம்? நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு மானம் மரியாதை வேண்டாமா?" என்று முதலில் கிளப்பிவிட்டது தையல்காரம்மாவின் ஹவுஸ் ஓனர்தான். அவர் வீட்டு வாசல் அறையில் அவள் மெஷின் ஓடுகிறது. உள்ளறையில் குடித்தனம். வேறெங்கும் கிடைக்காத வாடகை. அவர் சொன்னால் தட்ட முடியுமா?

"நீ போய்க் கேளும்மா. பொம்பளைங்க கேட்டாத்தான் மசிவான்" என்று அனுப்பியதும் அவர்தான்.

ஆனால் அவளுக்கும் சொந்தமாக ஒரு குறை இருந்தது.

"அண்ணே, என் பொண்ணு பாலத்துக்கு அந்தப் பக்கமே பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து வர்றா. ஏன் தெரியுமா? ஃப்ரெண்ட்ஸ்கிட்ட வீடு அங்கேதான்னு சொல்லி வச்சிருக்கா. இந்தக் குப்பையை வச்சுக்கிட்டு எந்தப் பிள்ளை என் வீடு இங்கேன்னு வாயைத் திறந்து சொல்லும்?"

அவர் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"குடும்பத்தோட வாழறவங்களுக்குத்தான் இந்த வேதனை தெரியும். உங்களுக்கென்ன, ஒண்டிக்கட்டை."

கொஞ்சம் அதிகம்தான். கூட வந்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் கட்டிலை ஒரு தடவை பார்த்தார். "பொண்ணுக்காகக் கேக்கறீங்க. எடுத்துடறேன்மா."

சொன்னபடி எடுத்துவிட்டார். மறுநாள் தெருமுனை பளிச்சென்று இருந்தது. ஹவுஸ் ஓனர் சொந்தச் செலவில் சுவருக்கு வெள்ளை அடித்து, பூந்தொட்டிகள் வேறு கொண்டுவந்து வைத்தார். அந்த வாரமே மகள் ஒரு தோழியை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். மனசு நிறைந்து போயிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஹவுஸ் ஓனர் வந்தார். கூடவே ஒரு புரோக்கர்.

"ஏம்மா, வேற வீடு பார்த்துக்கோ. இதை விலை பேசியாச்சு. நாளைக்குப் பார்ட்டி குடும்பத்தோட வந்து பார்த்துட்டு அட்வான்ஸ் தர்றாங்க."

அவள் மெஷினைவிட்டு எழுந்தாள். "சார், இந்த வாடகைக்கு நான் எங்கே சார் போவேன்? என் கஸ்டமர் எல்லாம் இங்கேதான். பொண்ணு வேற படிச்சிட்டு இருக்கா..."

"அதுக்கு நான் என்ன பண்றது? இதுவரைக்கும் எத்தனையோ பார்ட்டியைக் கூட்டிட்டு வந்தேன். அந்தக் குப்பையைப் பார்த்துட்டு ஒருத்தரும் காரைவிட்டுக் கீழே இறங்கலை. நீ போய்க் கேட்ட நேரம், எல்லாம் கூடி வந்துடுச்சு." அவர் சிரித்தார். "உனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

இரும்புக் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவள் வாசலிலேயே நின்றாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

"அண்ணே... அந்தக் கட்டிலை வித்துட்டீங்களா?"

"இல்லைம்மா. பின்னாடிதான் கிடக்கு."

"அதைத் திரும்ப... அங்கேயே போட முடியுமா?"

ஏன் என்று அவர் கேட்கவில்லை. "பார்ட்டி எப்ப வர்றாங்க?" என்றார்.

அவள் திகைத்துப்போனாள். "அப்போ வேணும்னுதான் போட்டு வச்சிருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொன்னா உங்க ஓனர் காதுக்குப் போகாம இருக்குமா?"

கட்டிலின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை அவள் பிடித்தாள். ரெண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். நல்ல கனம்.

"யார் வீட்டுக் கட்டில் இது?"

"எங்க வீட்டுதுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தோம். ஏரியா பளபளன்னு ஆனதும் வாடகையை ஏத்தி, தர முடியாட்டா காலி பண்ணச் சொன்னாங்க. அந்தப் புது வாடகைக்கு எனக்கு வழியில்லை. என் சம்சாரம் அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா, நான் கடையிலேயே படுத்துக்கறேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க அண்ணே."

தெருமுனை வந்தது. பூந்தொட்டிகளை அவளே ஓரமாக நகர்த்தினாள். கட்டிலைப் பழைய இடத்தில் இறக்கிவிட்டு அவர் மூச்சு வாங்கினார்.

"விடுங்கம்மா. அந்தப் பக்கம் தெரு அழகா இருக்கணும்னு வீடு வீடா ஏறி இறங்கிச் சண்டை போட்டவனே நான்தான்."